மொட்டைமாடித் தொட்டியும் தீர்ந்துபோகும் பேட்டரியும்: வயர்லெஸ் சென்சார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் நாலு மாடி அப்பார்ட்மெண்ட் ஒன்றில் குடியிருக்கிறேன். 2024 கோடையில் ஊரே தண்ணீருக்கு அல்லாடியது நினைவிருக்கும். போர்வெல் வற்றி, டேங்கர் லாரிக்குக் காத்திருந்த அந்த நாட்களில், மாடியில் இருக்கும் நான்கு தொட்டிகளிலும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனிலேயே தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் எம்பெடட் வேலை, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு நிரல் எழுதும் வேலை பார்க்கிறவன். "ரெண்டு வாரத்தில் செய்து தருகிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். சென்சார் வைக்கிற வேலை ரெண்டு வாரத்தில் முடிந்தது. பேட்டரி தீராமல் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்ள நாலு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு பக்கத்துக் கட்டடத்துக்காரர்களும், இங்கே இன்ஜினியரிங் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் கேட்டபடி இருக்கிறார்கள். கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

மாடியில்தான் லிஃப்ட் ரூம் இருக்கிறதே, கரண்ட் இழுத்துவிட்டால் என்ன? எதற்கு பேட்டரி?

இழுக்கலாம். ஒரே ஒரு தொட்டி, பக்கத்திலேயே பிளக் என்றால் அதைத்தான் செய்யச் சொல்வேன். எங்களுக்கு நான்கு தொட்டிகள், நாலு மூலையில். ஏப்ரல், மே மாத இடிமழையில் மாடி முழுக்க ஒயர் ஓடுவதை நினைத்தாலே எலக்ட்ரீஷியன் முகம் சுளித்தார். துணி காயப்போட வருகிறவர்கள் காலிலும் சிக்கும். பேட்டரி போட்ட சின்ன பெட்டி என்றால் தொட்டி மூடியில் கேபிள் டை போட்டுக் கட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் பேட்டரி மாற்ற மாதாமாதம் ஏணி ஏற வேண்டும் என்றால் அந்தச் சௌகரியத்துக்கு அர்த்தமே இல்லை.

பேட்டரி எத்தனை நாள் வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிதான். பேட்டரியில் இருப்பது எம்ஏஎச், அதாவது மில்லிஆம்ப் மணி. நல்ல ஆல்கலைன் பென்சில் செல்லில் 2000 எம்ஏஎச் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்களை வரிசையாகக் கோத்தால் வோல்ட்தான் கூடும், இந்த 2000 கூடாது. ஒவ்வொரு பாகமும் ஒரு நாளைக்கு எத்தனை எம்ஏஎச் தின்கிறது என்று தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். 2000-ஐ அதனால் வகுத்தால் நாட்கள் வந்துவிடும்.

ஓர் உதாரணம். சிசி2420 என்ற பழைய ரேடியோ சிப். சென்சார் நெட்வொர்க் ஆராய்ச்சிகளில் வருஷக்கணக்காகப் புழங்கியது. அதைச் சும்மா ஆன் செய்து காதைத் தீட்டிக்கொண்டு இருக்கவிட்டால் 18.8 மில்லிஆம்ப். 2000-ஐ 18.8-ஆல் வகுத்தால் 106 மணி நேரம். நாலரை நாள்கூட இல்லை! அதையே நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஆன் செய்தால் 440 நாளுக்கு மேல் வரும். பாக்கியெல்லாம் இந்த ஒரு வகுத்தல் கணக்குக்கு விளக்கவுரைதான்.

செய்தி அனுப்பும்போதுதானே அதிகச் செலவு? குறைவாக அனுப்பினால் போதாதா?

எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அதே சிசி2420 முழு சக்தியில் செய்தி அனுப்பும்போது எடுப்பது 17.4 மில்லிஆம்ப். கேட்கும்போது 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம். அதுவும் பேச்சு சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். கேட்பதோ, யாராவது பேசுவார்களோ என்று நாள் முழுக்க.

இங்கே காவேரித் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி முழுக்க விழித்திருந்த வீடுகள் உண்டு. குடம் பிடிப்பது பத்து நிமிஷம், தூக்கம் கெட்டது எட்டு மணி நேரம். ரேடியோவும் அப்படித்தான் சாகிறது. 2002-இல் வந்த எஸ்-மேக் என்ற நெறிமுறையை (ரேடியோக்கள் எப்போது பேசலாம், எப்போது தூங்கலாம் என்ற விதிகள்) உருவாக்கியவர்கள் ரேடியோ செலவு வீணாகும் இடங்களை நாலாகப் பிரித்தார்கள்: இரண்டு செய்திகள் மோதித் திரும்ப அனுப்புவது, அடுத்தவருக்கு வந்ததை ஒட்டுக் கேட்பது, கட்டுப்பாட்டுச் செய்திகளின் சுமை, சும்மா காத்துக்கிடப்பது. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் பெரும் திருடன்.

சரி, தூங்க வைத்துவிடலாம். ஆனால் எல்லாரும் தூங்கினால் யார் பேச்சை யார் கேட்பது?

நல்ல கேள்வி. கிட்டத்தட்ட இருபது வருஷ ஆராய்ச்சி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

ஒரு வழி, எல்லோரும் ஒரே நேரத்தில் விழிப்பது. எஸ்-மேக் இந்த வகை. இன்னொரு வழி, அவரவர் இஷ்டப்படி அடிக்கடி ஒரு கணம் கண்விழித்து, காற்றில் சத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குவது. அனுப்புகிறவர் எதிராளி விழிக்கும்வரை முன்னொலி, அதாவது 'செய்தி வருகிறது' என்ற முன்னறிவிப்பு, கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2004-இல் வந்த பி-மேக் இப்படி. ஆனால் நீண்ட முன்னொலியை அக்கம்பக்கத்தில் எல்லோரும் கடைசிவரை கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது. 2006-இல் எக்ஸ்-மேக் அந்த முன்னொலியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் 'இன்னாருக்கு' என்று பெயர் எழுதியது. தன் பெயர் இல்லை என்றால் மற்றவர்கள் உடனே தூங்கிவிடலாம். பெயர் உள்ளவர் நடுவிலேயே 'சொல்லு' என்று குறுக்கிடலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, ஏனென்றால் வாட்ச்மேன் அண்ணா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது செய்வதும் இதேதான்.

ஒரே நேரத்தில் விழிப்பதில் ஒரு தொல்லை உண்டு: கடிகாரம். சிப்பின் கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறும் என்று போட்டிருப்பார்கள். கேட்கச் சின்னதாகத் தெரியும். ஒரு நாளில் அது 1.7 செகண்ட். ஒன்று முந்தி, மற்றொன்று பிந்தினால் 3.4 செகண்ட் இடைவெளி. அதோடு வாட்ச் கிரிஸ்டலுக்கு வெயில் ஆகாது. 25 டிகிரியில் சரியாக ஓடுவது, மூடிய பெட்டிக்குள் 55 டிகிரி ஆனால் இன்னும் 30 பங்கு மெதுவாகும். பெங்களூர் இதமான ஊர்தான், ஆனால் மதியம் மொட்டைமாடியில் கறுப்புத் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டியிடம் அதைச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் முன்னாடியே விழித்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பும் செலவுக் கணக்கில் சேரும்.

உங்கள் சென்சார் முதலில் ஏன் செத்தது?

அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் என்னைக் கிண்டல் செய்கிற விஷயம் இது. விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ரெடிமேட் ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கணினி சிப் பொருத்தியது) வாங்கினேன். தண்ணீர் மட்டம் பார்க்க ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா அல்ட்ராசோனிக் சென்சார். மூன்று பென்சில் செல், 4.5 வோல்ட். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை விழித்து, வைஃபையில் அளவை அனுப்பிவிட்டு மறுபடி ஆழ்ந்த தூக்கம். தூக்கத்தில் அந்த சிப் எடுப்பது 10 மைக்ரோஆம்ப்தான். நிரலை அழகாக எழுதியிருந்தேன். ஆறு மாதம் வரும் என்று குரூப்பில் போட்டேன்.

நாலாம் நாள் நின்றுவிட்டது.

ராத்திரி ஏணி போட்டு ஏறினேன். இருட்டில் பெட்டியின் ஓட்டை வழியாகச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. போர்டில் இருக்கும் பவர் எல்இடி. சிப் தூங்கினாலும் அது தூங்காது. கீழே வந்து ஒவ்வொன்றாக அளந்தேன். எல்இடி ஒன்றரை மில்லிஆம்ப். போர்டிலேயே வரும், பேட்டரி வோல்ட்டைக் குறைத்துச் சீராகக் கொடுக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், வேலை இல்லாவிட்டாலும் சுமார் 5. அல்ட்ராசோனிக் சென்சார், யாரும் கேட்காதபோதும் இன்னொரு 5. பேட்டரி வோல்டேஜ் பார்க்க நான் போட்ட இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வழியாக எந்நேரமும் 0.225. எல்லாம் சேர்ந்து 12 மில்லிஆம்ப்புக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளைக்கு 280 எம்ஏஎச். மாப்பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டேன், பந்தியில் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அப்படிப் பார்த்தாலும் ஏழு நாள் வந்திருக்க வேண்டுமே? அங்கே இன்னொரு பாடம். அந்த ரெகுலேட்டருக்குத் தான் கொடுக்கும் 3.3 வோல்ட்டுக்கு மேல் ஒரு வோல்ட்டுக்கும் அதிகமாக உள்ளே வர வேண்டும். செல்கள் கொஞ்சம் இறங்கியதுமே அது தடுமாற ஆரம்பித்தது. வைஃபை ஆன் ஆகும் கணத்தில் 200 மில்லிஆம்ப்புக்கு மேல் இழுக்கும்போது வோல்டேஜ் விழுந்து சிப் ரீசெட் ஆனது. ரீசெட் ஆனதும் மறுபடி வைஃபை, மறுபடி ரீசெட். செத்துப்போனதாக நான் நினைத்த அந்த மூன்று செல்களில் இரண்டை டிவி ரிமோட்டில் போட்டேன். ரொம்ப நாள் நன்றாக வேலை செய்தன.

அதை எப்படிச் சரி செய்தீர்கள்?

ரெடிமேட் போர்டைத் தூக்கிப் போட்டேன். வெறும் மைக்ரோகண்ட்ரோலர், எல்இடி கிடையாது. ரெகுலேட்டர் எம்சிபி1700, அது தனக்கென்று எடுப்பது 1.6 மைக்ரோஆம்ப்தான். அல்ட்ராசோனிக் சென்சாருக்குப் போகும் பவரை ஒரு மாஸ்ஃபெட் (சிப்பே போட்டு அணைக்கக்கூடிய சின்ன சுவிட்ச்) வழியாக வெட்டினேன். படிக்கும் 0.2 செகண்ட் மட்டும் அதற்குக் கரண்ட். 10 கிலோஓம் ரெசிஸ்டர்களுக்குப் பதில் 1 மெகாஓம், கூடவே சின்ன கெபாசிட்டர். தூக்கத்தில் மொத்தமும் சேர்ந்து 10 மைக்ரோஆம்ப், ஒரு நாளைக்கு 0.24 எம்ஏஎச். 280 எங்கே, 0.24 எங்கே! இத்தனைக்கும் ரேடியோவை இன்னும் தொடவே இல்லை.

அதனால்தான் எந்த நெறிமுறை நல்லது என்று கேட்கும் பிள்ளைகளிடம், முதலில் போர்டைத் தூங்க வைத்து மீட்டரில் காட்டு, அப்புறம் நெறிமுறை பேசலாம் என்கிறேன்.

வைஃபை வேண்டாமா? எல்லார் வீட்டிலும் இருக்கிறதே.

வைஃபை நிறைய டேட்டாவை வேகமாக அனுப்பப் பிறந்தது. நமக்கு அனுப்ப வேண்டியது 'தண்ணீர் 63 சதவீதம்'. அதற்காக ரௌட்டரைத் தேடி, கடவுச்சொல் சொல்லி, ஐபி முகவரி வாங்கி முடிக்க மூன்று செகண்ட் போகிறது. சராசரி 120 மில்லிஆம்ப் என்று வைத்தால், ஒரு நாளில் 96 முறைக்கு 9.6 எம்ஏஎச். நிலையான ஐபி கொடுத்து, சேனலையும் ரௌட்டர் அடையாளத்தையும் நினைவில் வைக்கச் சொன்னால் இது நன்றாகவே குறையும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்கிறவர்களுக்கு வைஃபையே சரிப்படும்.

லோரா என்கிறார்களே, அது என்ன மாயம்?

குறைந்த சக்தியில் நெடுந்தூரம் பேசும் ரேடியோ முறை. எங்கள் தொட்டிகளையும் இதற்குத்தான் மாற்றினேன். மாயம் இல்லை, பொறுமை. மெதுவாகப் பேசினால் தூரத்தில் இருக்கிறவருக்கும் புரியும், அவ்வளவுதான். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865-868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடுகிறது. வைஃபை கூட்டம் அடிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்து விலகி இருப்பதே பெரிய நிம்மதி.

எவ்வளவு மெதுவாகப் பேசுவது என்பதற்கு ஓர் எண் உண்டு: ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், எஸ்எஃப்7-இல் இருந்து எஸ்எஃப்12 வரை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 10 பைட் செய்தி ஒன்றை லோராவேன் (லோராவின் மேல் ஓடும் நெட்வொர்க் நெறிமுறை) தலைப்புகளோடு அனுப்பினால், எஸ்எஃப்7-இல் 62 மில்லிசெகண்ட். அதே செய்தி எஸ்எஃப்12-இல் 1,483 மில்லிசெகண்ட். 24 மடங்கு! 'ரேஞ்ச் நன்றாக வரட்டும்' என்று எல்லா நோடையும் (ஒவ்வொரு சென்சார் பெட்டியும் ஒரு நோடு) எஸ்எஃப்12-இல் போட்டு வைப்பது, பக்கத்து வீட்டுக்குப் போக லாரி எடுப்பது போல.

எஸ்எக்ஸ்1276 என்ற லோரா ரேடியோ சிப் 17 டிபிஎம்மில் (டிபிஎம் என்பது அனுப்பும் சக்தியின் அளவு) 87 மில்லிஆம்ப் எடுக்கும். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை என்றால் எஸ்எஃப்7-இல் ஒரு நாளைக்கு 0.14 எம்ஏஎச். எஸ்எஃப்12-இல் 3.4. கேட்வே, அதாவது எல்லா நோடின் செய்தியையும் வாங்கும் பெட்டி, கிட்டத்தில் இருந்தால் தானாகவே எஸ்எஃப்-ஐக் குறைக்கும் வசதி லோராவேனில் இருக்கிறது. நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் நோடுகளுக்கு அதைக் கட்டாயம் ஆன் செய்யுங்கள்.

பவரைக் குறைத்தால் மிச்சம் ஆகுமா?

ஆகும், ஆனால் எதிர்பார்க்கிற அளவு ஆகாது. அதே சிப்பில் 20 டிபிஎம்முக்கு 120 மில்லிஆம்ப், 17-க்கு 87. காற்றில் போகும் சக்தி பாதியாகிறது, பேட்டரியில் இருந்து போவது கால்வாசிக்குச் சற்று மேல்தான் குறைகிறது. 7 டிபிஎம் வரை இறங்கினால் 20 மில்லிஆம்ப். அந்த அளவு போதுமென்றால் தாராளமாக இறங்குங்கள். ஆனால் ஆன்டெனா வைக்கும் இடத்தை மாற்றுவது காசில்லாத வைத்தியம், அதை முதலில் பாருங்கள்.

அண்ணா, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு லீச் எடுக்கச் சொல்கிறார் எங்கள் சார். எடுக்கலாமா?

எடுக்கலாம் தம்பி. ஆனால் எதற்காக அது வந்தது என்று தெரிந்து எடு.

லீச் என்பது சென்சார் நெட்வொர்க்குக்கான ஒரு நெறிமுறை. 2000-இல் எம்ஐடியில் இருந்து வந்தது. வெண்டி ஹெய்ன்செல்மேன், அனந்தா சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் எழுதினார்கள். சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர், பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் படித்தவர். நம்ம ஊர்ச் சம்பந்தம் உண்டு என்று வைவாவில் சொன்னால் மார்க் கிடைக்காது, ஆனாலும் சொல்லிக்கொள்ளலாம்.

யோசனை இது. நூறு நோடும் தனித்தனியாகத் தூரத்து கேட்வேக்குக் கத்த வேண்டாம். ஐந்தாறு பேர் தலைவர்கள் ஆகட்டும். மற்றவர்கள் கிட்டத்தில் இருக்கும் தலைவரிடம் மெதுவாகச் சொல்லட்டும். தலைவர் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே செய்தியாக அனுப்பட்டும். தலைமை சுழற்சி முறையில் மாறட்டும், இல்லாவிட்டால் தலைவரின் பேட்டரி முதலில் காலியாகும். சீட்டு எடுப்பது போல ஒவ்வொரு சுற்றிலும் குலுக்கல். அன்று வழக்கத்தில் இருந்த முறைகளைவிட எட்டு மடங்கு வரை செலவு குறைவதாகச் சிமுலேஷனில் காட்டினார்கள்.

அவர்கள் போட்ட கணக்கை நீயே போட்டுப் பார். ஒரு பிட்டை அனுப்ப எலக்ட்ரானிக்ஸுக்கு 50 நேனோஜூல், வாங்கவும் 50. அதற்கு மேல் ஆம்ப்ளிஃபயருக்கு, தூரத்தின் வர்க்கத்தை 100 பைக்கோஜூலால் பெருக்கிக்கொள். 100 மீட்டருக்கு நேராக அனுப்பினால் 1,050 நேனோஜூல். நடுவில் ஒருவரை நிறுத்தி 50, 50 மீட்டராகத் தாண்டினால், அவர் வாங்குகிற செலவையும் சேர்த்து 650. லாபம். இப்போது 20 மீட்டருக்குப் போடு. நேராக 90, நடுவில் ஆள் வைத்தால் 170. நஷ்டம்! மொட்டைமாடி அளவு இடத்துக்குத் தாண்டித் தாண்டிப் போகும் நெட்வொர்க் வேண்டாம் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. இந்தக் கணக்கில் நடு ஆள் செய்தி வரும்வரை விழித்திருந்த செலவு இல்லை. அதோடு கேட்வேக்குப் பக்கத்தில் இருப்பவர் எல்லோர் செய்தியையும் சுமப்பார். தெருமுனை வீட்டுக்காரர் எல்லோருடைய கூரியரையும் வாங்கி வைப்பது மாதிரி. அவர் பேட்டரி முதலில் போகும், போனதும் பின்னால் உள்ளவர்கள் அத்தனை பேரும் துண்டிக்கப்படுவார்கள். உன் ப்ராஜெக்டில் இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டினால், நூறாவது லீச் சிமுலேஷனாக இல்லாமல் உருப்படியாக ஏதாவது வரும்.

என்ன அனுப்புகிறோம் என்பதில் மிச்சம் பிடிக்க முடியுமா?

நிறைய. வெப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் பழக்க தோஷத்தில் ஜேசான் (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுத்தில் எழுதும் முறை) அனுப்புவார்கள். பெயர், மேற்கோள் குறி, அடைப்புக்குறி எல்லாம் சேர்த்து இரண்டு எண்ணுக்கு 25 பைட் ஆகிவிடும். தண்ணீர் சதவீதம் ஒரு பைட், பேட்டரி வோல்டேஜ் ஒரு பைட், ஆக இரண்டே பைட்டில் அதே விஷயம் அடங்கும். எஸ்எஃப்12-இல் முதல் வகைக்கு 1.97 செகண்ட், இரண்டாவதுக்கு 1.16. பன்னிரண்டு மடங்கு சுருக்கியும் நேரம் பாதியாகக்கூடக் குறையவில்லையே என்றால், முன்னொலியும் தலைப்பும் எப்படியும் போயாக வேண்டும் அல்லவா. அதனால் இன்னும் சுருக்குவதைவிட, அனுப்பும் தடவைகளைக் குறைப்பது நல்லது.

ராத்திரி 12-இல் இருந்து 4 வரை எங்கள் தொட்டியில் மட்டம் அசைவதே இல்லை. '63, 63, 63' என்று சொல்லி என்ன பயன்? மூன்று சதவீதம் மாறினால் மட்டும் அனுப்பு, மாறாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல், இப்படி மாற்றிப் பார்த்தேன். செய்திகள் பாதிக்கும் கீழே வந்தன. அந்த 'உயிரோடு இருக்கிறேன்' மட்டும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அசையவில்லையா, சென்சார் செத்ததா என்று தெரியாது.

நிமிஷத்துக்கு ஒருமுறை தெரிந்தால் நல்லதுதானே?

எங்கள் மூன்றாம் மாடி சார் ரிட்டயர் ஆனவர், இதையே வாராவாரம் கேட்கிறார். அந்த இரண்டு பைட் செய்தியை எஸ்எஃப்7-இல் நிமிஷத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ரேடியோவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 1.6 எம்ஏஎச். 15 நிமிஷத்துக்கு 0.11. "சார், தொட்டி நிமிஷத்தில் காலியாகாது" என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் போனில் 'கடைசியாகப் பார்த்தது: 4 நிமிஷம் முன்' என்று காட்ட வைத்தேன். அதோடு கேட்பதை நிறுத்திவிட்டார். பல சமயம் ஆட்களுக்கு வேண்டியது புது எண் இல்லை, எண் பழசாகவில்லை என்ற உறுதி.

'வந்து சேர்ந்தது' என்று பதில் வாங்க வேண்டுமா?

தண்ணீர் மட்டத்துக்கு வேண்டாம். ஒரு செய்தி போனால் அடுத்தது வரும். பதிலுக்குக் காத்திருப்பதும், வராவிட்டால் மறுபடி அனுப்புவதும்தான் செலவு. நிரம்பி வழியப்போகிறது என்ற எச்சரிக்கைக்கு மட்டும் பதில் கேட்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. தொட்டி நிரம்பும்போதுதான் சிக்னல் கெட்டது! பெட்டியைத் தொட்டியின் பக்கவாட்டில், கேட்வேக்கு எதிர்ப்புறம் கட்டியிருந்தேன். நடுவில் ஆயிரம் லிட்டர் தண்ணீர். ரேடியோ அலைக்குத் தண்ணீர் ஆகாது. காலியாக இருக்கும்போது எல்லாச் செய்தியும் வந்தது, நிரம்பினால் பாதி காணாமல் போனது, அதுவும் மிக அவசியமான செய்தி. பெட்டியை மூடி மேல் மாற்றியதும் சரியானது. ஆனால் மேலே வைத்தால் இன்னொரு சிக்கல்: அந்த அல்ட்ராசோனிக் சென்சாருக்கு முகத்தில் இருந்து 25 சென்டிமீட்டர் வரை கண் தெரியாது. ஒரு குட்டைக் குழாய் வைத்து உயர்த்திக் கட்டினேன்.

எந்த பேட்டரி நல்லது?

காசு பார்க்காவிட்டால் லித்தியம் தயோனில் குளோரைடு. பென்சில் செல் அளவில் 3.6 வோல்ட், சும்மா வைத்திருந்தால் வருஷத்துக்கு ஒரு சதவீதம் அளவுதான் தானாகக் குறையும். தண்ணீர் மீட்டர்களில் இதைத்தான் போடுகிறார்கள். ஒரு குணம் மட்டும் உண்டு: நெடுநாள் சும்மா இருந்தால் உள்ளே ஒரு படலம் பிடித்து, திடீரென்று அதிகக் கரண்ட் கேட்டால் வோல்டேஜ் விழும். கூடவே பெரிய கெபாசிட்டர் ஒன்றைப் போட்டுவிட்டால் அந்தத் திடீர் தேவையை அது பார்த்துக்கொள்ளும். காசு பார்த்தால் ஆல்கலைன். நான் அதைத்தான் போட்டேன், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பட்டன் செல் 3 வோல்ட், 220 எம்ஏஎச் அளவு; லோராவுக்கு வேண்டாம், ப்ளூடூத்துக்குச் சரி.

சோலார்?

வைக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெங்களூர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு அரை எம்ஏஎச் செலவாகும் நோடுக்குச் சோலார், சார்ஜிங் போர்டு, ரீசார்ஜ் பேட்டரி என்று சேர்த்தால், அந்த போர்டு தனக்கென்று எடுப்பதே அதைவிட அதிகமாக இருக்கலாம். புறா எச்சமும் துடைக்க வேண்டும்.

என்கிரிப்ஷன் பேட்டரியைத் தின்னுமா?

பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. இரண்டு பைட்டை ஏஇஎஸ் முறையில் மறைப்பது சிப்புக்குக் கண் சிமிட்டும் வேலை. பயந்து அணைத்துவிடாதீர்கள்.

தூக்கக் கரண்ட்டை எப்படி அளப்பது? மல்டிமீட்டர் போதுமா?

தூங்கும்போது மட்டும் என்றால் போதும். ஆனால் மீட்டரை மைக்ரோஆம்ப் ரேஞ்சில் வைத்து நோடு விழித்துக்கொண்டால், மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்து சிப் ரீசெட் ஆகும். பிறகு அது ரீசெட் ஆவதை அளந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மலிவான வழி, மில்லிஆம்ப் ரேஞ்சில் விழிக்க விட்டு, தூங்கியதும் மீட்டரை ஒரு ஒயரால் ஷார்ட் செய்துகொண்டு ரேஞ்ச் மாற்றி, பிறகு ஒயரை எடுப்பது. நல்ல வழி, இதற்கென்றே இருக்கும் கருவி. நோர்டிக் நிறுவனத்தின் பவர் ப்ரொஃபைலர் கிட் 2 என்பது 200 நேனோஆம்ப்பில் இருந்து 1 ஆம்ப் வரை நேரத்தோடு வரைந்து காட்டும். நண்பரிடம் இரவல் வாங்கினால் போதும், ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

மட்டம் குறைந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும். மோட்டார் பக்கத்து நோடு எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமே?

இருக்கட்டும். மோட்டார் இருக்கும் இடத்தில் கரண்ட் இருக்கிறது. எங்கள் சம்ப் பக்கத்து நோடு 24 மணி நேரமும் காதைத் திறந்து வைத்திருக்கிறது, கேட்வேயும் அப்படியே. தொட்டி நோடு மட்டும் தன் இஷ்டப்படி எழுந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, தனக்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நொடி கழித்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தூங்கும். லோராவேனில் ஏ வகுப்பு (தூங்கி எழுபவர்), சி வகுப்பு (எப்போதும் கேட்பவர்) என்று பிரித்திருப்பது இதற்காகத்தான். காத்திருக்கிற வேலையை எப்போதும் பிளக் உள்ளவர் தலையில் கட்டுங்கள்.

இப்போது உங்கள் தொட்டிகளில் எத்தனை நாள் வருகிறது?

தூக்கம் 0.24, அல்ட்ராசோனிக் 0.16, ரேடியோ 0.11, மற்றது கொஞ்சம். ஆக நாளைக்கு 0.55 எம்ஏஎச். தாளில் போட்டால் பத்து வருஷம் என்று வரும். ஆல்கலைன் செல் வெயிலில் அவ்வளவு காலம் ஒழுகாமல் இருக்காது, அதனால் குரூப்பில் மூன்று வருஷம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை வாயை விட்டது போதும்.

மூன்றாம் தொட்டி மட்டும் லிஃப்ட் ரூமின் பின்னால் மறைந்திருக்கிறது. அது எஸ்எஃப்10-இல்தான் பேசுகிறது, செலவு நாளைக்கு 1.2, மற்றவற்றைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கேட்வே ஆன்டெனாவை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் எஸ்எஃப்7-க்கு இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். அதற்கு நீளமான கேபிள் வேண்டும். இந்த ஞாயிறு எஸ்.பி. ரோடு மூடியிருக்கும், சனிக்கிழமை போக வேண்டும்.